ஆமைப் பெட்டிக்கு மூக்கர் தேர்ந்த பலகை

நெடுந்தீவில் எவரும் பொய் சொல்லத் துணியாத இடம் ஒன்று இருந்தது. அது கோயில் வாசலும் அல்ல, பொலிஸ் நிலையமும் அல்ல. மூக்கரின் மூக்குக்கு முன்னால் இருந்த இரண்டடி இடம்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தாலும் இங்கே எழுதியிருக்க மாட்டேன். காரணம் போகப் போக விளங்கும். தொழில் ஓடாவி வேலை, அதாவது மரவேலை. அறுபதை எட்டிப் பார்க்கும் வயது. மெலிந்த உடம்பு. அந்த உடம்பில் கடவுள் சிக்கனம் பார்க்காமல் செய்த ஒரே உறுப்பு மூக்கு. எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் அங்கேதான் போகும். பலகை, ஆணி, தேத்தண்ணி, கலியாண அழைப்பிதழ், எதுவானாலும் கண்ணை மூடி ஒரு இழுப்பு. தீர்ப்பு அதற்குப் பிறகுதான்.

ஒருநாள் காலைப் படகில் ஏறியவர், நின்ற நிலையில் இரண்டு தரம் மூச்சை இழுத்துவிட்டு இறங்கிவிட்டார்.

"என்ன அண்ணை, வரேல்லையோ?" என்று படகுக்காரர் கேட்டார்.

"எஞ்சின் வேற மணம் மணக்குது தம்பி. நான் பின்னேரம் வாறன்."

பாதிப் பேர் அவருக்குப் பின்னால் இறங்கிவிட்டார்கள். இறங்காத மீதிப் பேரோடு நடுக்கடலில் நின்றுவிட்ட படகை மீன்பிடி வள்ளம் ஒன்று கட்டி இழுத்து வந்தது. அதற்குப் பிறகு அந்தப் படகுக்காரர் எஞ்சினைத் தொடமுன் மூக்கரின் முகத்தைத்தான் பார்ப்பார்.

இன்னொரு நாள் ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையைக் கட்டி அணைத்து வாழ்த்தியவர், "தம்பி வாற வழியிலை பனைக்குக் கீழை கொஞ்சம் இளைப்பாறிப்போட்டுத்தான் வந்திருக்கிறார்" என்று சபைக்கு அறிவித்தார். மாப்பிள்ளையின் தகப்பனுக்கும் அவருக்கும் அன்றோடு கதை இல்லை. ஆனால் அந்தத் தகப்பனும் கூரைக்கு மரம் வாங்கும்போது ஆளனுப்பி மூக்கரைத்தான் கூப்பிட்டார்.

நான் காரைநகர்க்காரி. அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். இடமாற்றக் கடிதத்தில் நெடுந்தீவு என்று கண்டதும் அழுதேன் என்பதை மறைக்க மாட்டேன். வந்த முதல் மாதமே, தங்கியிருந்த அறைக்கு ஒரு மேசை வேண்டுமென்று மூக்கரிடம் போனேன். கொட்டிலில் கிடந்த பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். எனக்குக் கால் கடுத்தது. ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு நாலு பலகை தேறின.

மேசை அழகாகத்தான் வந்தது. இழுத்துத் திறக்க ஒரு லாச்சியும் வைத்து, ஆணிக்குப் பதிலாக மரக்குச்சி இறுக்கிச் செய்திருந்தார். ஆனால் வார்னிஷ் பூச மாட்டேன் என்றுவிட்டார்.

"பூசினா மரம் மணக்காது பிள்ளை. பேந்து அது மரமே?"

"அண்ணை, நான் மேசையை மணக்கிறதுக்கு வாங்கேல்லை. எழுதுறதுக்கு."

"எழுதும். மணக்கவும் செய்யும். ஆர் வேண்டாமெண்டது?"

பேனை மை எல்லாம் ஊறிப்போகிறதென்று கண்ட இடமெல்லாம் அவரோடு சண்டை பிடித்தேன். பத்திரிகைக்குப் பத்தி எழுத நான் தொடங்கியதும் அந்த மேசையில்தான். அதையும் மறைக்க மாட்டேன்.

பிறகு கொரோனா வந்தது. மூக்கர் மூக்கை மூடிக்கொண்டு திரிந்தது தீவில் பெரிய செய்தியாக இருந்தது. அவருக்கும் காய்ச்சல் வந்து, இருமி, இரண்டு கிழமை வீட்டுக்குள் கிடந்து எழும்பினார். அதற்குப் பிறகு மனிதரிடம் ஒரு மாற்றம். அதுவரை என் அறைப்பக்கம் வந்தால் சட்டியை முகர்ந்து குறை சொல்பவர், என் சமையலைப் புகழத் தொடங்கினார். நான் அடிப்பிடிக்க விட்ட தேங்காய்ப்பால் சொதியை, "நல்லாயிருக்கு பிள்ளை, கைப்பக்குவம்" என்று சொல்லிக் குடித்தார். நோய் வந்தால் மனிதர் பண்பட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். புகழ்ச்சி வரும்போது யார்தான் காரணம் கேட்கிறார்கள்?

இனி ஆமைக்கு வருகிறேன்.

சோழகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கியிருந்த ஒரு மாதம். வன்னியிலிருந்து வந்த விறகைத் துறைமுகத்தில் இறக்கும்போது, விறகோடு ஒரு ஆமையும் உருண்டு விழுந்தது. முதுகெல்லாம் மஞ்சள் கீறு போட்ட நட்சத்திர ஆமை. விழுந்த வேகத்தில் ஓட்டின் கரை வெடித்துவிட்டது. அன்று மத்தியானத்தோடு கடல் குழம்பிப் படகும் நின்றது. எங்கள் அதிகாரி மறுகரையில் மாட்டிக்கொண்டார். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

தொலைபேசியில் மறுகரையிலிருந்த மிருக வைத்தியர் அம்மா ஒருவர் கிடைத்தார். அமைதியான குரல். அந்த அமைதிதான் என்னைக் கூடுதலாகப் பயப்படுத்தியது.

"அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட ஆமை, மிஸ். உப்புத் தண்ணியாலை காயத்தைக் கழுவிச் சுத்தமான துணி கட்டுங்கோ. நாங்கள் வரும்வரைக்கும் ஒரு பெட்டி செய்து அதுக்குள்ளை வையுங்கோ. செத்துப்போனா ஏன் செத்ததெண்டு நீங்கள் எழுத்திலை தரவேணும்."

அரசாங்க உத்தியோகத்தருக்கு இதைவிடப் பயங்கரமான வசனம் கிடையாது. ஆமை தலையை நீட்டி என்னைப் பார்த்தது. நானோ அதற்கான விளக்கக் கடிதத்தின் முதல் பந்தியை அப்போதே மனதுக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன்.

பெட்டி என்றால் என்ன பெட்டி? செய்தி பரவியதும் ஆளுக்கொரு பொருளோடு வந்தார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் வைத்தியர் அம்மாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

வலை கொண்டுவந்தார் ஒருவர். "வேண்டாம். கால் சிக்கும். வெளியிலை தெரிஞ்சா முட்டி முட்டியே களைச்சுப்போம். பக்கச்சுவர் மறைப்பா இருக்கவேணும்."

இங்கே வேலி எல்லாம் கடற்கல் அடுக்கித்தானே, நாலு கல்லை அடுக்கிவிடுவோம் என்றார் இன்னொருவர். "வேண்டாம். கல்லிலை உரஞ்சி வெடிப்புப் பெருக்கும். இடுக்குக்குள்ளை தேளும் இருக்கும்."

புதிதாகக் கட்டிய சீமெந்துத் தொட்டி இருந்தது. "காரம் போகேல்லை. தோல் வெந்துபோம்." பழைய அஸ்பெஸ்டஸ் தகடு. "ஐயோ மிஸ், தொடவே தொடாதேங்கோ." உடைந்த படகின் பைபர் துண்டு. "அதின்ர பசை மணக்கும்." பனைமரத்தில் அறுத்த சலாகை. "சிராம்பு ஏறும். உங்களுக்கே ஏறுமெல்லே?" ஒட்டுப்பலகை. "ஒட்டின பசையும் மருந்தும் மணக்கும்."

கடைசியில் அந்த அம்மாவின் அமைதியும் கொஞ்சம் கரைந்தது. "மிஸ், ஒண்டை மட்டும் ஞாபகம் வையுங்கோ. அதின்ர முகம் முழுநாளும் நிலத்தோடைதான். நிலத்தை மணக்கும், கடிக்கும், மூடின பெட்டிக்குள்ளை வாற காத்தைத்தான் இழுக்கும். ஒண்டும் பூசாத, ஒண்டும் அடிக்காத வெறும் பலகை வேணும். மணக்கிற ஒண்டும் வேண்டாம்."

மணக்கிற ஒன்றும் வேண்டாம் என்றால் நெடுந்தீவில் யாரிடம் போவது? கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மூக்கர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏற்கெனவே வாசலில் நின்றார்.

"அண்ணை, மணமில்லாத பலகை வேணுமாம்."

மூக்கர் வேலியோரம் மேயும் மாட்டைப் பார்த்தார். பிறகு, "அப்ப அது என்ர வேலைதானே" என்றார். வழக்கமான சத்தம் குரலில் இல்லை. எனக்கிருந்த பதற்றத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

எல்லோருமாகக் கொட்டிலுக்குப் போனோம். வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் கழற்றிப் போட்ட பழைய கதவு ஒன்று அங்கே சாத்தியிருந்தது. அதை எடுத்துச் சீவினார். உள்ளே வெளிறிய, அழகான மரம். மூக்கோடு வைத்துக் கண்ணை மூடினார். ஒரு இழுப்பு. இரண்டு இழுப்பு. அலுவலகமே மூச்சை அடக்கி நின்றது.

"சுத்தம்" என்றார் மூக்கர்.

அடுத்த நாள் காலை பெட்டி வந்தது. மூலைகளை உருட்டி, கை வைத்தால் வழுக்கும்படி சீவி, மேல்மூடியில் காற்றுக்கு இடைவெளி விட்டு, மணவறை மாதிரிச் செய்திருந்தார். நாய் நுழையாத, பூட்டக்கூடிய ஒரே அறை அதிகாரியின் அறைதான். ஆமை அங்கே குடியேறியது. அலுவலகத்தில் வேலை நடந்த வேகத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

அறைக்குள் ஏதோ மணந்தது. உண்மையைச் சொன்னால், முதல் நாளே மணந்தது. யன்னலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் இருந்ததால் அதன் வேலை என்று நினைத்தேன். பெட்டிக்குக் கிட்டப் போனால் கூடுதலாக மணந்தது. ஆனால் மூக்கர் சுத்தம் என்று சொன்ன பிறகு என் மூக்கு எம்மாத்திரம்? எனக்குத்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்தேன். வெகு காலத்துக்குப் பிறகு விசாரித்தால் எல்லோரும் அப்படியே முடிவு செய்திருந்தார்கள்! பியோன், தனக்குப் பீனிசம் தொடங்கிவிட்டதென்று வீட்டில் ஆவி பிடித்திருக்கிறார். எட்டுப் பேருக்கு மணந்திருக்கிறது. எட்டுப் பேரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆமை சாப்பிடவில்லை. நாலாம் நாள் காலை போய்ப் பார்த்தால் கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. மூக்கில் நுரை. வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தது. விளக்கக் கடிதம் மறந்துபோயிற்று. அந்தச் சின்ன வாய் திறந்து மூடுவதுதான் கண்ணில் நின்றது.

"பெட்டி மணக்குதா மிஸ்?" என்றார் வைத்தியர் அம்மா.

"இல்லை. எங்கட ஓடாவியார் மணந்து பாத்தவர்."

"நீங்கள் மணந்து பாத்தீங்களா?"

இவ்வளவு எளிய கேள்வியை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. ஆமையைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் விட்டுவிட்டு, பெட்டிக்குள் தலையை விட்டேன். கழிவு ஒயில்! கறையானுக்குப் பயந்து யாழ்ப்பாணத்தில் கதவு, நிலை, வளை எதையும் விடாமல் பூசுவோமே, எஞ்சினிலிருந்து இறக்கிய அதே கறுத்த ஒயில். மேலால் சீவியதில் கறுப்புப் போய்விட்டது. உள்ளே ஊறியது வெயில் ஏற ஏறக் கக்கிக்கொண்டிருந்தது.

"உடனே காத்தோட்டமான இடத்திலை வையுங்கோ. இளஞ்சூட்டுத் தண்ணியிலை கொஞ்ச நேரம் விடுங்கோ. இண்டைக்குள்ளை வேற பெட்டி வேணும்" என்றார் அம்மா.

ஆமையைப் பியோனிடம் ஒப்படைத்துவிட்டு, பெட்டியின் மூடியைக் கையில் தூக்கிக்கொண்டு மூக்கரின் கொட்டிலுக்கு ஓடினேன். எனக்குக் கோபம் வந்தால் ஆள் வயது பார்க்க மாட்டேன்.

"அண்ணை, இது சுத்தமோ? இதுவோ சுத்தம்? ஊரிலை உள்ள குழந்தைப் பிள்ளைக்கே மணக்குது. உங்களுக்கு என்னண்டு மணக்கேல்லை?"

மூக்கர் மூடியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். பாதி வழியில் கை நின்றது. மூடியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பிள்ளை, எனக்கு ஒண்டும் மணக்கிறேல்லை."

"என்ன?"

"அந்தக் காய்ச்சலோடை போனது. வருமெண்டு பாத்தன். இண்டைக்கு வரும், நாளைக்கு வருமெண்டு எத்தினை வருசம்... மல்லிகையையும் மணந்து பாத்திட்டன், மண்ணெண்ணெயையும் மணந்து பாத்திட்டன். எல்லாம் ஒண்டுதான்."

எனக்கு அந்தச் சொதி நினைவுக்கு வந்தது. கைப்பக்குவம்!

"அப்ப இவ்வளவு நாளும்?"

"ரேகையைப் பாப்பன். தட்டிச் சத்தம் கேப்பன். அரைவாசி அதிலை தெரியும். மிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு நிப்பன். சனம் நம்பிச்சுது. மூக்கில்லையெண்டு சொன்னா என்னை என்னெண்டு கூப்பிடுவினம் பிள்ளை?" சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "ஆமைக்கு என்ன? செத்துப்போச்சோ?"

"இன்னும் இல்லை."

அவருடைய முகம் இருந்த நிலையைப் பார்த்த பிறகு என்னால் அதற்கு மேல் கத்த ஏலவில்லை. கோபம் முழுவதும் என் மீதே திரும்பியது. நாலு நாள் என் மூக்கு கதறிக்கொண்டிருந்தது, நான்தான் கேட்கவில்லை.

"இப்ப என்ன செய்யிறது அண்ணை? கொட்டிலிலை நல்ல பலகை ஒண்டும் இல்லையோ?"

"இருக்கும். எது நல்லதெண்டு எனக்குத் தெரியாது. எல்லாம் காய்ச்சலுக்குப் பிறகு வாங்கினது." விரலால் மூக்கைத் தடவியபடி யோசித்தார். பிறகு மிகவும் தயங்கி, "நான் நிச்சயமாச் சொல்லக்கூடிய மரம் இந்தத் தீவிலை ஒரு இடத்திலைதான் கிடக்கு. காய்ச்சலுக்கு முன்னம் ஒவ்வொண்டா மணந்து எடுத்த நாலு பலகை. வார்னிஷும் பூசேல்லை."

என் மேசை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது: ஒரு நிமிடம் ஆமையா மேசையா என்று யோசித்தேன். பிறகு அந்தச் சின்ன வாய் திறந்து திறந்து மூடியது நினைவுக்கு வந்தது. "வாங்கோ" என்றேன்.

மூக்கர் என் அறைக்குள் வந்து, மேசையைக் குப்புறக் கவிழ்த்து, மரக்குச்சிகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். தான் பெற்ற பிள்ளைக்குத் தானே காது குத்துவதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு தட்டினார். ஒவ்வொரு பலகையையும் என்னிடம் நீட்டினார்.

"கண்ணை மூடும். வாயையும் மூடும், அது உமக்குக் கஷ்டம்தான். இழுத்துப் பாரும். அவசரப்படாதையும்."

இழுத்தேன்.

"மை மணக்குது அண்ணை."

"அது உம்மட ஊத்தை. சீவி விடுறன். வேற?"

"வேற... பழைய கொப்பி மாதிரி. கொஞ்சம் இனிப்பு."

"வேற? வடிவா இழும்."

"வேற ஒண்டும் இல்லை. மரம் மணக்குது. வெறும் மரம்."

மூக்கர் பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப அண்டைக்கு நான் சரியாத்தான் மணந்திருக்கிறன்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அதையும் மறைக்க மாட்டேன்.

பின்னேரத்துக்குள் பெட்டி தயாரானது. மேசையின் மேற்பலகை பக்கச்சுவரானது. லாச்சியைக் கவிழ்த்து ஒரு பக்கம் வாசல் வெட்டி, ஆமை ஒளிந்து படுக்க அறை. கீழே சலித்த காய்ந்த மண்ணும் வைக்கோலும். பசை, ஆணி, பூச்சு எதுவும் இல்லை. வைக்கோலையும் மண்ணையும்கூட என்னை மணக்க வைத்த பிறகுதான் போட்டார். இந்த முறை பெட்டியை விறாந்தையில் வைத்து, நாய் அண்டாமல் காவலுக்கு நானே கதிரை போட்டு இருந்தேன்.

ஒரு நாள் போனது. ஆமை அசையவில்லை. மூக்கர் மணித்தியாலத்துக்கு ஒருமுறை வந்து, "மூச்சு விடுதோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டாம் நாள் ஒரு கண் கொஞ்சம் திறந்தது. மூக்கர் தெருவோரம் நின்ற செவ்வரத்தைச் செடியில் இருந்து பூப் பறித்து வந்து அதன் முன்னால் வைத்தார். நாங்கள் இருவரும் பரீட்சை முடிவுக்கு நிற்பவர்கள்போல நின்றோம். ஆமை கழுத்தை நீட்டியது. பூவை முகர்ந்தது. ஆறுதலாக, சந்தேகத்தோடு, மூக்கரைப்போலவே முகர்ந்தது. பிறகு ஒரு கடி.

"தின்னுது பிள்ளை!" என்று மூக்கர் போட்ட சத்தத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நான் அவரை அப்பால் தள்ளிக்கொண்டு போகவேண்டியிருந்தது.

காற்று தணிந்து படகு ஓடிய நாளில் வைத்தியர் அம்மா வந்தார். ஆமையைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பெட்டிக்குள் குனிந்து மூச்சை இழுத்தார். "அருமையான பலகை. ஆர் தெரிஞ்செடுத்தது?"

"மூக்கர்!" என்று அலுவலகமே ஒரே குரலில் சொன்னது. முதல் பெட்டிக்கு என்ன நடந்ததென்று கேட்டவர்களுக்கு, கறையான் பிடித்ததால் மாற்றியதாக நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். மூக்கர் என்னைப் பார்த்தார். நான் ஆமையைப் பார்த்தேன்.

"இப்பிடி இன்னும் ரெண்டு பெட்டி செய்து தருவீங்களா ஐயா? காயப்பட்டு வாற ஆமையளுக்கு."

மூக்கர் மறுபடி என்னைப் பார்த்தார். நான் மூக்கைச் சொறிந்தேன். "ஓம், செய்யலாம்" என்றார்.

அந்த இரண்டும் நாலாகி, நாலு எத்தனையோ ஆகிவிட்டது. எனக்கும் திரும்பக் காரைநகருக்கே இடமாற்றம் வந்தது. நான் கேட்ட மாற்றம்தான். கிடைத்த அன்று நெடுந்தீவுக்கு வந்தபோது அழுததைவிடக் கூட அழுதேன். இப்போது எனக்கு மேசை இல்லை. குசினி மேசையில் வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன். மாதத்தில் ஒன்றிரண்டு முறை நெடுந்தீவிலிருந்து ஒரு கடித உறை வரும். உள்ளே கடிதம் இருக்காது. இலக்கம் போட்ட மரச்சீவல் இரண்டு மூன்று இருக்கும். கண்ணையும் வாயையும் மூடி இழுத்துப் பார்த்துவிட்டு அழைப்பு எடுப்பேன். "ஒண்டு சுத்தம். ரெண்டு ஒயில். மூண்டு ஏதோ மருந்து, எறியுங்கோ." அவ்வளவுதான் எங்கள் கதை.

இதை எழுதலாமா என்று போன மாதம் கேட்டேன். "எழுதும் பிள்ளை. உம்மட எழுத்தை இஞ்சை ஆர் வாசிக்கினம்?" என்றார்.

நேற்று வந்த உறையைத் திறந்து இழுத்தால் ஒன்றும் தெரியவில்லை. திரும்ப இழுத்தேன். வெங்காயத்தை முகர்ந்தேன். அதுவும் இல்லை. அவருக்கும் இப்படித்தானே தொடங்கியிருக்கும் என்ற பயத்தோடு அழைப்பு எடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

"தும்மல் இருக்கோ?"

"ஓம் அண்ணை."

"மூக்கு அடைச்சிருக்கோ?"

"ஓம்."

"அது வெறும் தடிமன். பயப்பிடாதையும், வரும். பெட்டி ரெண்டு கிழமை நிக்கட்டும்." அழைப்பை வைக்கப் போன என்னை மறித்தார். "இஞ்சை பாரும். கொத்தமல்லி அவிச்சுக் குடியும். பனிக்குள்ளை திரியாதையும். ரெண்டு பேருக்கும் அந்த ஒரு மூக்குத்தான் பிள்ளை மிச்சம்."